1972 எம்ஜிபி: சோக் கேபிள் சுடுகிறது, நாலாவது கியரில் ஓவர்டிரைவ் நிலைக்கவில்லை. உதவி தேவை

பச்சைஎம்ஜி:
வணக்கம். கவென்ட்ரியில் இருக்கிறேன். போன வருடம் ஒரு 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கினேன். நாலு கியர், லேகாக் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்க, சுவிட்சால் போடும் கூடுதல் கியர்), நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்தது).

மூன்று வாரமாக இரண்டு தொந்தரவு. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் திணறித் திணறிச் சுற்றுகிறது. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரியும் புதிது. ஞாயிற்றுக்கிழமை நாலைந்து தடவை முயன்றுவிட்டு சோக் குமிழைத் (குளிரில் எஞ்சின் பிடிக்க இழுப்பது) தொட்டேன், விரல் சுட்டுவிட்டது. டேஷ்போர்டுக்கு அடியில் லேசான புகை வாசனை. இரவில் ஹெட்லைட்டும் மங்கல்.

அடுத்தது ஓவர்டிரைவ். மூன்றாவது கியரில் போட்டால் உடனே பிடிக்கிறது, தானாக விடுவதே இல்லை. நாலாவதில் பிடித்துக் கொஞ்ச தூரம் போனதும் தானாக விட்டுவிடுகிறது, ஆர்பிஎம் எகிறுகிறது. கராஜில் காட்டினேன். கியர்பாக்ஸ் போய்விட்டது, எஞ்சினோடு சேர்த்து இறக்கவேண்டும் என்கிறார்கள். அந்தச் செலவு இப்போது என்னால் முடியாது. காரை விற்கவும் மனசு வரவில்லை.

வயர்மேன்:
சோக் சுடுவதை முதலில் பாருங்கள், தீப்பிடிக்கக்கூடிய விஷயம். இந்தக் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்மேல் உட்கார்ந்திருக்கின்றன. பாடியோடு இணைத்து, கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழி தருவது ஒரே ஒரு எர்த் பட்டைதான். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ ஸ்டார்ட்டர் இழுக்கும் அத்தனை கரண்டும் வேறு வழி தேடும். கிடைக்கும் வழி சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள்.

இக்னிஷன் காயிலின் (ஸ்பார்க் தருவது) வெள்ளை வயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள், எஞ்சின் பிடிக்காது. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மற்றதை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். வேறொருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. ஓவர்டிரைவும் அதனால்தான் விடுகிறது என்று நினைக்கிறேன்.

பழையஸ்பேனர்:
எர்த் பற்றிச் சொன்னது சரி. ஓவர்டிரைவ் விஷயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரும் ஓவர்டிரைவ் சொலினாய்டும் (கரண்ட் வந்தால் ஓவர்டிரைவைப் பிடிக்கவைக்கும் மின்காந்தம்) ஒரே இரும்பில்தான் எர்த் ஆகின்றன. பட்டை கெட்டால் ஹெட்லைட் மங்கும், சொலினாய்டுக்கு வரும் வோல்ட் குறையாது.

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. மூன்றாவதில் உறுதியாக நிற்கிறது என்றால் ஓவர்டிரைவுக்குள் இருக்கும் பம்ப், ஆயில் பிரஷர், கோன் கிளட்ச் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆயில் குறைந்திருந்தால் இரண்டு கியரிலும் விடும். கியர்பாக்ஸை இறக்கச் சொன்னவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கவேண்டும்.

எனக்குச் சந்தேகம் கியர் லீவர் அடியில் இருக்கும் இன்ஹிபிட்டர் சுவிட்ச்மேல். மூன்றிலும் நாலிலும் மட்டும் ஓவர்டிரைவுக்குக் கரண்ட் விடுவது அதுதான். சொலினாய்டுக்குப் போகும் மஞ்சள் வயரில், இன்ஹிபிட்டரைத் தாண்டிய இடத்தில் ஒரு சின்ன பல்ப் இணைத்து, நீள வயர் போட்டு உள்ளே கொண்டுவாருங்கள். ஓவர்டிரைவ் விடும்போது பல்பும் அணைந்தால் கோளாறு வயரிங்கில். பல்ப் எரிந்துகொண்டே விட்டால்தான் கியர்பாக்ஸைச் சந்தேகப்படவேண்டும்.

சனிக்கிழமைகார்:
இன்ஹிபிட்டரைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடலாமே? அந்த சுவிட்சில் கை வைப்பது பெரிய வேலை.

பழையஸ்பேனர்:
தயவுசெய்து வேண்டாம். ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் உடையும். அதைத் தடுக்கத்தான் அந்த சுவிட்சே வைத்தார்கள். எப்போதாவது ஓவர்டிரைவ் விடாமல் சிக்கிக்கொண்டால் காரை ஒரு அடிகூடப் பின்னால் எடுக்காதீர்கள், தள்ளவும் கூடாது.

பச்சைஎம்ஜி:
சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து பார்த்தேன். மீட்டரில் 3.8 வோல்ட்! கியர்பாக்ஸ் பக்கம் இருந்த எர்த் பட்டை ஆயிலில் ஊறி, ஒரு முனையில் நாலைந்து இழைதான் மிச்சம். புதுப் பட்டை போட்டு, இரண்டு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். இப்போது 0.2. ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தைப் பார்த்துச் சிரித்தேவிட்டேன். சோக் குமிழ் சில்லென்று இருக்கிறது.

பல்ப் சோதனையும் செய்தேன். நாலாவதில் லீவரைச் சின்ன விரலால் பின்னால் தள்ளினால் பல்ப் அணைகிறது, கூடவே ஓவர்டிரைவும் விடுகிறது. அண்ணா சொன்ன சுவிட்ச்தான். க்ராஸ்மெம்பரை (கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கொஞ்சம் இறக்கினால்தான் கை போனது. சுவிட்ச் இன்னும் உள்ளே இறங்கி நன்றாக அழுந்தட்டும் என்று அதற்கு அடியில் இருந்த வாஷர்களில் ஒன்றை எடுத்தேன்.

பழையஸ்பேனர்:
நல்லது. ஆனால் வாஷர் எடுத்த பிறகு ஒன்று பார்த்தாக வேண்டும். எஞ்சினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, ஓவர்டிரைவ் சுவிட்ச் ஆனில் இருக்க ஒவ்வொரு கியராக மாற்றுங்கள். மூன்றிலும் நாலிலும் மட்டும் பல்ப் எரியவேண்டும். ரிவர்ஸில் எரிந்தால் வாஷரைத் திரும்பப் போடுங்கள்.

ஓவர்டிரைவுக்கு வரும் வெள்ளை சப்ளை வயருக்கு ஃபியூஸ் கிடையாது. மஞ்சள் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வயரிங் மொத்தமும் எரியும். 5 ஆம்ப் இன்லைன் ஃபியூஸ் ஒன்று போட்டுவிடுங்கள். அப்புறம் கியர்பாக்ஸில் என்ன ஆயில்?

பச்சைஎம்ஜி:
பார்த்துவிட்டேன், மூன்றிலும் நாலிலும் மட்டும்தான் எரிகிறது. ஃபியூஸும் போட்டாயிற்று. ஆயில் என்னவென்று முந்தைய உரிமையாளருக்கே தெரியவில்லை.

பழையஸ்பேனர்:
அப்படியானால் வடித்துவிட்டு 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். ஓவர்டிரைவும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. ஹைபாய்டு ஆயில் (கெட்டியான கியர் ஆயில்) பின் ஆக்சிலுக்கு மட்டும்.

பச்சைஎம்ஜி:
சரி அண்ணா, இந்த சனிக்கிழமை மாற்றுகிறேன். நேற்று லெஸ்டர்வரை போய்வந்தேன், நாலாவதில் ஒரு தடவைகூட விடவில்லை.