குழந்தைகளின் இதய ஸ்கேன்: எக்கோவில், சி.டி.யில், எம்.ஆர்.ஐ.யில் எங்கே தவறுகிறது? (அனுபவப் பகிர்வு)

எக்கோ டெக்னீஷியன்:
அழுகிற குழந்தைக்கு எக்கோவை (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) அரைகுறையாகப் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதித் தருவதுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தையென்றால், பால் குடித்துக் கண் சொக்கியதும் உள்ளே கூப்பிட்டாலே பெரும்பாலும் போதும். தூக்க மருந்து என்று முடிவானால் கணக்கு தலைகீழ்: தாய்ப்பால் 4 மணி நேரம், பவுடர் பால் 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். இரண்டையும் குழப்பி, பசியில் கத்தும் பிள்ளையை மருந்தும் இல்லாமல் படுக்க வைத்தால் படம் எப்படி வரும்?

ஜெல் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பச்சைக் குழந்தைக்கு 8 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் புரோப் (உடலில் வைத்துப் பார்க்கும் கருவி). எடுத்தவுடன் நெஞ்சில் வைக்காமல் விலாவுக்குக் கீழே, மேல் வயிற்றிலிருந்து தொடங்குங்கள். கல்லீரல் எந்தப் பக்கம், பெரிய ரத்தக் குழாய்கள் எந்தப் பக்கம் என்று அங்கேயே தெரிந்துவிடும். கழுத்துக் குழி கடைசியில்தான். தோளுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் கழுத்தை நிமிர்த்தினால் தூங்குகிற பிள்ளையும் விழித்துக்கொள்ளும்.

குழந்தை இதய மருத்துவர்:
சரிதான், ஆனால் தூங்கும் குழந்தையிலும் தவறவிடுகிறோம். நெஞ்சின் நுனியிலிருந்து நான்கு அறைகளையும் பார்க்கும்போது மேலறைச் சுவர் ஒலிக்கற்றைக்கு இணையாக விழும். இல்லாத ஓட்டை தெரியும். மேலே ஓரத்தில் இருக்கும் உண்மையான ஓட்டை தெரியாது. இதயத்தின் வலது பக்கம் பெரிதாக இருக்கிறது, காரணம் கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தக் கூடாது. விலாவுக்குக் கீழிருந்து மேற்பெருஞ்சிரை (உடலின் மேல்பாதி ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) இதயத்தில் சேரும் இடத்தைப் பாருங்கள். நுரையீரல் சிரைகள் நான்கும் இடது மேலறைக்கு வருகின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அப்போது கலர் ஸ்கேலை (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வேக அளவை) குறைக்க வேண்டும். அந்த ஓட்டம் மெதுவானது, வால்வுக்கு வைத்த அளவில் திரையில் ஏறாது.

‘இதயத் தசை பலவீனம்’ என்று வரும் கைக்குழந்தைகளுக்கும் இதே வேலைதான். இடது கரோனரி (இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய்) பெருந்தமனிக்குப் பதில் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பினால் அதில் ரத்தம் பின்னோக்கி ஓடும். கலர் போடாமல் ‘கரோனரி தெரிகிறது’ என்று எழுதினால் அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடிய பிள்ளைக்கு மாத்திரை மட்டும் கிடைக்கும்.

பி.டி.ஏ. (பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும், பிறந்தபின் மூட வேண்டிய குழாய்) திறந்திருக்கும்போது கோஆர்க்டேஷன் (பெருந்தமனிச் சுருக்கம்) இல்லை என்று உறுதி தராதீர்கள். அது மூடியபின் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை தொடை நாடியைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஈடாக எந்த மெஷினும் இல்லை.

எக்கோ டெக்னீஷியன்:
டாக்டர், டாப்ளர் (ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் முறை) கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரேடியன்ட் (இரு பக்க அழுத்த வித்தியாசம்) வேண்டுமென்றால் வேகத்தை வர்க்கமாக்கி நான்கால் பெருக்குகிறோம். கோணம் 20 டிகிரி தப்பினால் வேகம் 6 சதவீதம்தான் குறையும். 60 டிகிரி என்றால் வேகம் பாதி, கிரேடியன்ட் கால் பங்கு. வி.எஸ்.டி.யில் (கீழறைச் சுவர் ஓட்டையில்) நொடிக்கு 4 மீட்டர் என்றால் கிரேடியன்ட் 64. அந்த நேரத்து மேல் பி.பி. 90 என்றால், 64-ஐக் கழித்து வலது கீழறை அழுத்தம் 26. பி.பி. எடுக்காமல் 64 என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குப் பாதிக் கணக்குதான் கையில் இருக்கும்.

சி.டி. பிரிவு:
எங்களிடம் வரும்போது கேள்வியோடு அனுப்புங்கள். ‘இதய சி.டி.’ என்று மட்டும் இருந்தால் எந்த நொடியில் எடுப்பது? காண்ட்ராஸ்ட் (ரத்தக் குழாயைப் படத்தில் காட்டும் மருந்து) கிலோவுக்கு 1.5 முதல் 2 மி.லி.; 3 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 6 மி.லி., பின்னாலேயே சலைன் (உப்பு நீர்). கேனுலா (மருந்து ஏற்றும் ஊசிக் குழாய்) இடது கையில் வேண்டாம். அடர்ந்த காண்ட்ராஸ்ட் பெருந்தமனி வளைவுக்கு முன்னால் குறுக்கே போய்க் கோடு கோடாகக் கெடுக்கும். வலது கை அல்லது கால் நல்லது. நீலம் பாரித்த குழந்தைகளுக்கு டியூபில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, காற்று நேராக மூளைக்குப் போகலாம்.

ஃபான்டன் (உடலிலிருந்து வரும் ரத்தத்தை நேராக நுரையீரல் தமனிக்குத் திருப்பும் அறுவை) செய்த பிள்ளைகளுக்குக் கையில் ஊசி போட்டு உடனே எடுத்தால், கீழிருந்து வரும் காண்ட்ராஸ்ட் இல்லாத ரத்தம் கலந்து நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி மாதிரித் தெரியும். அதை நம்பி ரத்தத்தை இளக்கும் மருந்து தொடங்குவதற்கு முன், ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்து எடுத்த படம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எம்.ஆர்.ஐ. பிரிவு:
டெட்ராலஜி (நான்கு கோளாறுகள் சேர்ந்த பிறவி இதய நோய்) அறுவை முடிந்த பிள்ளைகளுக்கு வலது கீழறையின் கொள்ளளவு வேண்டுமானால் எங்களிடம்தான் வர வேண்டும். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 150–160 மி.லி.யை நெருங்கும்போது நுரையீரல் தமனி வால்வை மாற்றுவது பற்றிப் பேச்சு எழும். அதனால் உயரமும் எடையும் அன்றே அளந்ததாக இருக்க வேண்டும், பழைய சீட்டிலிருந்து எடுக்கக் கூடாது. ஓட்டம் அளக்கும்போது வேக வரம்பைத் தாழ்வாக வைத்தால் கணக்கு மடங்கிவிடும் (வேகமான ஓட்டம் எதிர்த் திசையில் ஓடுவதாகக் காட்டும்), மிக உயர்வாக வைத்தால் இரைச்சல் கூடும். நுரையீரல் தமனியின் இடது, வலது கிளைகளைத் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள். முதன்மை நுரையீரல் தமனியின் நிகர ஓட்டத்தோடு ஒத்துவரவில்லை என்றால் ரிப்போர்ட் போடாதீர்கள்.