அடுத்தவர் பையைப் பார்த்து ‘டூப்ளிகேட்’ என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

முந்திரிக்கொட்டை:

மூன்று வருடமாயிற்று, இன்னும் உறுத்துகிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஒரு நாள் ‘லூயி விட்டான்’ கம்பெனியின் ஸ்பீடி பையோடு வந்தார். ஸ்பீடி தெரியும்தானே, குட்டிப் பீப்பாய் மாதிரி இருக்குமே, அது. மதியம் சாப்பிட்ட இடத்தில் ஆறேழு பேர் இருந்தோம். பையை மேசைமேல் வைத்திருந்தார், எனக்குப் பின்பக்கம் தெரிந்தது. எல்.வி. எழுத்தெல்லாம் தலைகீழ். நான் விடுவேனா? “அக்கா, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க. எழுத்தைக்கூட நேரா அடிக்கத் தெரியல பாருங்க” என்றேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்து மடியில் வைத்து, அந்தத் தலைகீழ்ப் பக்கம் வயிற்றோடு ஒட்டியிருக்கும்படி திருப்பிக்கொண்டார். பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

ஒரு மாதம் கழித்துத்தான் படித்தேன். ஸ்பீடியை ஒரே துண்டில், அடியில் தையல் வராமல் சுற்றித் தைக்கிறார்கள். முன்பக்கம் எழுத்து நேராக இருந்தால் பின்பக்கம் தலைகீழாகத்தான் வரும். இரண்டு பக்கமும் நேராக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டுமாம். அதற்குள் அந்தப் பை அலுவலகத்துக்கு வருவது நின்றுபோயிருந்தது.

ஜன்னலோரம்:

ரயிலில் எதிர் சீட்டுப் பெண்ணின் தோள்பையில் குச்சி (Gucci) என்ற கம்பெனிப் பெயரில் ஒரு சி குறைந்திருந்தது. நானும் பக்கத்தில் இருந்தவரும் கண்ணாலேயே பேசிச் சிரித்துக்கொண்டோம். இறங்கும்போது மேல் தட்டில் இருந்த என் பெட்டி எட்டவில்லை. அந்தப் பெண்தான் எடுத்துக் கொடுத்தாள். அதிலிருந்து யார் பையையும் நான் வாசிப்பதில்லை.

நூல்பிடித்தவன்:

முந்திரிக்கொட்டை, ஒரு விஷயம். தலைகீழாக இருந்தது, அதனால் அது ஒரிஜினல்தான் என்று இப்போது முடிவு கட்டுகிறீர்கள் பாருங்கள், அதுவும் தப்பு. காப்பி அடிக்கிறவனுக்கும் இது தெரியும். கொஞ்சம் நல்ல காப்பியாக இருந்தால் அதுவும் பின்பக்கம் தலைகீழாகத்தான் வரும்.

என் அனுபவம் சின்னது. ஒரு கல்யாண வரவேற்பில் ஒருவருடைய பையைக் காப்பி என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான்.

இனிமேல் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எழுத்தை விடுங்கள், கைப்பிடியைப் பாருங்கள். அந்த மோனோகிராம், அதாவது எல்.வி. எழுத்து அச்சடித்த பையின் உடம்பு தோலே இல்லை, பருத்தித் துணிமேல் பிவிசி பூச்சு. கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான் தோல், அதுவும் சாயம் ஏற்றாத மாட்டுத்தோல். புதிதில் வெளுத்த மணல் நிறத்தில் இருக்கும். கை பட, வெயில் பட, தேன் நிறத்துக்கு வந்து அப்புறம் பழுப்பாகும். நாலு வருடமாகத் தூக்குகிறேன் என்று சொல்லும் பையில் கைப்பிடி மட்டும் நேற்று வாங்கியது போல இருந்தால் யோசிக்கலாம். ஆனால் கைப்பிடியை மாற்றியும் இருக்கலாம், அதையும் மறக்காதீர்கள்.

அடுத்தது உள்ளே இருக்கும் குறியீடு. இரண்டு எழுத்து, நாலு எண். எழுத்து எந்தத் தொழிற்சாலை என்று சொல்லும். 2007க்குப் பிறகு தைத்தது என்றால் ஒன்றாவது, மூன்றாவது எண்கள் வாரம். இரண்டாவது, நான்காவது எண்கள் வருடம். 2119 என்று இருந்தால் 2019ஆம் வருடத்தின் 21ஆவது வாரம். பலர் இதை சீரியல் நம்பர் என்று நினைத்து, இதே எண்ணில் இன்னொரு பை இருக்கிறதே, போலி என்று குதிக்கிறார்கள். ஒரே இடத்தில் ஒரே வாரம் தைத்ததெல்லாம் ஒரே குறியீட்டில்தான் வரும். 2021இல் இதையும் விட்டுவிட்டு உள்ளே சிப் வைக்கத் தொடங்கினார்கள். அதனால் புதுப் பையில் குறியீடு காணோம் என்றும் குதிக்காதீர்கள்.

இதில் வேடிக்கை, அந்த மோனோகிராமை ஜார்ஜ் விட்டான் 1896இல் கொண்டுவந்ததே அப்பா பெயரில் ஓடிய பெட்டிகளைக் கண்டவனும் காப்பி அடிக்கிறான், அதைத் தடுக்கலாம் என்றுதான்.

பேர் வேண்டாம்:

நன்றாகத் தடுத்தார் போங்கள்.

அப்பா பிள்ளை:

பை இல்லை, கூலிங் கிளாஸ். பரவாயில்லையா?

அப்பா போன பிறகு அவருடைய ரே-பானை எடுத்தேன். காது வைக்கும் தண்டில் ஸ்க்ரூ ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ஆர்.பி. போடலையே சார், டூப்ளிகேட்” என்று சொல்லிவிட்டு, மேசைமேல் வைத்து ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினான். கையில் கொடுக்கக்கூட இல்லை. அந்த விரல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்காமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் “அப்பாவையும் யாரோ ஏமாத்தியிருக்காங்கம்மா” என்று சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

நாலு வருடம் அலமாரியில் கிடந்தது. ஒருநாள் துடைக்கும்போது கண்ணாடி ஓரத்தில், தண்டு சேருமிடத்தில் ஏதோ அழுக்கு. துணியால் தேய்த்தேன், போகவில்லை. நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டுப்பட்டது. சாய்த்துப் பார்த்தால் பி.எல். என்று இரண்டு பொடி எழுத்து. ரே-பான் 1999 வரை பாஷ் அண்ட் லாம்ப் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது, இத்தாலியின் லக்ஸாட்டிகா வாங்கியது அந்த வருடம்தான். கண்ணாடியில் ஆர்.பி. போடுவதெல்லாம் அதற்கப்புறம். அப்பா அதை வாங்கியது நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால். கடைக்காரனை விடுங்கள், நான் ஏன் உடனே நம்பினேன்?

நூல்பிடித்தவன்:

பி.எல். இருப்பதால் மட்டும் அசல் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்திலும் காப்பி உண்டு. லென்ஸ் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று பார்த்தீர்களா?

அப்பா பிள்ளை:

பார்க்கவில்லை. பார்க்கவும் போவதில்லை.

சாவி கொடுத்த பொம்மை:

நூல்பிடித்தவன் சார், எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்திருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒன்று வைத்திருந்தேன். வினாடி முள் நின்று நின்று ஓடினால் போலி ரோலெக்ஸ், வழுக்கிக்கொண்டு ஓடினால் அசல். ஏன் என்றும் தெரியும். இப்போது வரும் பெரும்பாலான ரோலெக்ஸில் முள் வினாடிக்கு எட்டு தரம் அடி எடுத்து வைக்கிறது, கண்ணுக்கு வழுக்குவது போலத் தெரியும். பேட்டரி வாட்ச் வினாடிக்கு ஒரு அடிதான்.

மச்சானின் மாமனார் கையில் ஒரு ரோலெக்ஸ். பட்டை பட்டையாக, பழைய மாதிரி. முள் டிக், டிக் என்று நின்று நின்று போனது. மச்சான் காதில் “பெரியவர் கையில இருக்கிறது பேட்டரி வாட்ச், மச்சான்” என்றேன். மெதுவாகத்தான் சொன்னதாக நினைப்பு. பெரியவர் வாட்சைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று இருந்தேன். எழுந்து வந்து என் காதோரம் வைத்து, “கேளுங்க தம்பி, நல்லாக் கேட்கும்” என்றார். அவர் கைச்சூடு அதில் அப்படியே இருந்தது. டிக், டிக், டிக். காதை எடுக்கவும் முடியவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

ஆய்ஸ்டர்குவார்ட்ஸ். ரோலெக்ஸே பேட்டரியில் செய்த வாட்ச், 1977இல் வந்தது. நான் சொன்னது சரிதான், பேட்டரி வாட்ச்தான்!

பேர் வேண்டாம்:

எல்லோரும் தப்பாகச் சொன்ன கதையாகவே எழுதுகிறீர்கள். சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவள் நான்.

என்னுடையது ஷனேல் கம்பெனிப் பையின் காப்பி. தெரிந்துதான் வாங்கினேன். ஒரு விருந்தில் எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு அம்மா என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நடுவில் அவர் கண் என் பைப் பூட்டுக்கு இறங்கியது. ஒரு வினாடி நின்றது. மறுபடி மேலே வந்தது. பேச்சு நிற்கவில்லை, சிரிப்பும் மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை, நான் சொன்னதற்குத் தலையாட்டினார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஷனேல் முத்திரையில் பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு சி-யில் வலது சி மேல்முனையில் இடதின் மேலே ஏறி, கீழ்முனையில் அதன் அடியில் போக வேண்டும். என் பூட்டில் அது மாறியிருந்தது. நான் ஒரு வருடம் தூக்கிய பை, ஒருநாளும் கவனித்ததில்லை.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நூல்பிடித்தவன் அவர்களே, முந்திரிக்கொட்டை கேட்டது பையைப் பற்றியா? நீங்கள் எழுதியது பரீட்சை நோட்ஸ்.

நூல்பிடித்தவன்:

தெரிந்ததைச் சொன்னேன். தெரிந்திருந்தால் அவர் அன்று வாயைத் திறந்திருக்க மாட்டார்.

முந்திரிக்கொட்டை:

தெரிந்திருந்தாலும் திறந்திருப்பேன். “ஆகா, ஒரிஜினல்!” என்று எல்லோர் முன்னாலும் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி விளக்கியிருப்பேன். அதுவும் அவர் கேட்காததுதான்.

இன்று காலை லிஃப்டில் அவரும் நானும் மட்டும். தோளில் ஒரு துணிப்பை. இதை எழுதிய சூட்டில் சொல்லிவிடலாம் என்று “அக்கா, அந்த ஸ்பீடி...” என்று ஆரம்பித்தேன். “அதுவா, தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன்” என்றார். கதவு திறந்தது, போய்விட்டார்.

நூல்பிடித்தவன்:

சரி, அது கிடக்கட்டும். கைப்பிடி என்ன நிறத்தில் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா?