ஷிங்கெட்டியில் படித்த ஒரு வரி

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மொரிட்டானியாவில் வேலையாக இருந்தபோது ஷிங்கெட்டிக்குப் போய் வந்தேன். அதார் நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஒரு காலத்தில் சஹாரா வணிகர்களும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் ஒட்டகங்களோடு வந்து கூடிய ஊர். 1996 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. இப்போது பழைய தெருக்களில் மணல் ஏறிக் கிடக்கிறது.

அங்கே நூலகம் என்றால் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வீடுதான். முன்னோர் சேர்த்த கிதாபுகளை, அதாவது கையால் எழுதிய பழைய நூல்களை, அந்தந்தக் குடும்பமே தலைமுறைகளாகக் காத்து வருகிறது. நாங்கள் போன வீட்டில் ஒரு பெரியவர் மரச்சாவியோடு வந்தார். பார்க்கப் பல் துலக்கும் பிரஷ் மாதிரி, நுனியில் சின்னச் சின்ன மரமுளைகள். மரப்பூட்டுக்குள் விட்டு மேலே தூக்கினார், தாழ் நகர்ந்தது.

உள்ளே குர்ஆன், ஹதீஸ் (நபிமொழி), மாலிக்கி மத்ஹபு என்ற இஸ்லாமியச் சட்டப் பள்ளியின் நூல்கள், இலக்கணம், வானவியல். ஒரு ஹதீஸ் கிதாபை விரித்துக் காட்டினார். சின்ன வயதில் மதரசாவில் ஓதியவன்தானே, படித்துவிடலாம் என்று குனிந்தேன். "ஃபால" என்று ஆரம்பித்ததுமே பெரியவர் தலையை ஆட்டி, புள்ளியைச் சுட்டிக் காட்டினார். நான் ஓதிப் பழகிய அரபு எழுத்தில் ஃபே என்ற எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி, காஃபுக்கு இரண்டு. வடமேற்கு ஆப்பிரிக்காவின் மக்ரிபி எழுத்தில் காஃபுக்கு மேலே ஒரே புள்ளிதான்; ஃபேயின் புள்ளி கீழே போய்விடும். அப்படியானால் அது "கால", அதாவது "சொன்னார்கள்". அப்புறம் வரி தானாக வந்தது: கால ரசூலுல்லாஹ் (அல்லாஹ்வின் தூதர் சொன்னார்கள்)... எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் எத்தனை முறை கேட்ட சொற்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார்.

அந்தத் தாளிலேயே கரையான் அரித்த துளைகள் இருந்தன. இவற்றைத் தலைநகரில் குளிரூட்டிய அறையில் வைக்கலாமே என்று கேட்டேன். "இது எங்களை நம்பி விட்டுப்போன அமானிதம்" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கிதாபுகள் போய்விட்டால் அந்த ஊரில் என்ன மிஞ்சும்? ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் இப்போதே படமெடுத்து வைத்தாக வேண்டும். கரையான் காத்திருக்காது.

போக நினைப்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் போங்கள். அரபு எழுத்து தெரிந்தால், அந்த ஒற்றைப் புள்ளியை மட்டும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். சுவடியை நீங்களாகத் தொட வேண்டாம், அவர்களே விரித்துக் காட்டுவார்கள். கிளம்பும்போது பராமரிப்புக்கு உங்களால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.