விண்ட்சர் தம்பதி: சீக்ளரா, லௌனியா?

பழையபுத்தகக்காரன்:
"எட்டாம் எட்வர்டும் வாலிஸ் சிம்ப்சனும் துரோகிகள். ஆண்ட்ரூ லௌனியின் 'டிரெய்ட்டர் கிங்' (2021) வந்தாயிற்று, பிலிப் சீக்ளரை எடைக்குப் போடலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாலிஸை மணக்க 1936-இல் பிரிட்டிஷ் முடியைத் துறந்து, பிறகு விண்ட்சர் டியூக் ஆன எட்வர்டைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அரச ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து சீக்ளர் எழுதிய எட்வர்டின் வாழ்க்கை வரலாறு அது (1990). நீங்கள் பிடித்துத் தொங்குவதோ 1940 ஜூலை லிஸ்பன் தந்தியை. அதை எழுதியது போர்ச்சுகலில் இருந்த ஜெர்மன் தூதர், டியூக் இல்லை.

கடலோரன்:
நேற்று அப்படி எழுதியது நான்தான். அரண்மனை அனுமதியோடு வந்த புத்தகம் அரண்மனையை எவ்வளவு நோகடிக்கும்? கடுமையாகக் குண்டு போட்டால் இங்கிலாந்து சமாதானத்துக்கு வரும் என்று டியூக் நினைப்பதாகத் தந்தி சொல்கிறது. சொந்த நாட்டின் மேல் ஐயா!

பழையபுத்தகக்காரன்:
"நினைப்பதாக" என்று சொல்வது யார்? தூதர்! ஹிட்லரின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பைக் குளிரவைக்க எழுதினார். 1957-இல் அந்த ஆவணங்கள் வெளியானபோது, டியூக்கின் விசுவாசம் அசையவில்லை என்று பிரிட்டிஷ் அரசே அறிக்கை விட்டது.

கடலோரன்:
1953-இல் அதை வெளியே விடாமல் அமுக்கப் பார்த்தவர் சர்ச்சில். ஒன்றுமில்லாத காகிதத்துக்கு எதற்கு அந்தப் பதற்றம்?

செம்பருத்தி:
இரண்டு பேரும் வாலிஸை மறந்துவிட்டீர்கள். ஆன் செபாவின் 'தட் உமன்' (2011) படியுங்கள். முந்தைய கணவர் எர்னஸ்டுக்கு அவர் ஏக்கத்தோடு எழுதிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. மாட்டிக்கொண்ட பெண் அவர்.

பழையபுத்தகக்காரன்:
அது தனிக் கதை அம்மா. தந்தியை எழுதியது யார்?

செம்பருத்தி:
எனக்கு எப்போதும் இதே பதில்தான். பெண்ணைப் பற்றிப் பேசினால் தனிக் கதை!

கடலோரன்:
சரி, 1937 அக்டோபரில் மனைவியோடு ஹிட்லர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாரே, அதுவும் தூதர் எழுதியதா? 1940-இல் இந்தத் தம்பதி, ஜெர்மானியர் பிடித்துவைத்த பாரிஸுக்குப் பணிப்பெண்ணை அனுப்பி, படுக்கை விரிப்பும் துணிமணியும் எடுத்துவரச் சொன்னார்கள். ஊர் எரியும்போது விரிப்பு!

பழையபுத்தகக்காரன்:
விரிப்பு கேட்டது அல்பத்தனம். துரோகம் இல்லை. 1940 ஆகஸ்ட் 1 அன்று கப்பலேறி பஹாமாஸ் கவர்னர் வேலைக்குப் போய்விட்டார். ஹிட்லர் பக்கம் சாய்ந்தவர், ஜெர்மானியர் வரவழைக்கப் பார்த்த ஸ்பெயினுக்கு ஏன் திரும்பவில்லை? ரஷ்ய ஜார் இரண்டாம் நிகோலஸ் பற்றி இங்கே முன்பு நடந்த விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் கிளைக்குக் கிளை தாவினீர்கள், நான் மறக்கவில்லை.

கடலோரன்:
அங்கேயும் கடைசி வார்த்தை உங்களுடையதுதான். அதனால் நீங்கள் சொன்னது சரியாகிவிடாது.

பழையபுத்தகக்காரன்:
லௌனியை இரண்டு முறை படித்தேன், பென்சிலால் கோடு போட்டு. டியூக் கைப்பட எழுதிய ஒரு வரியைக் காட்டுங்கள், பேசலாம். தந்தி தூதருடையது.