சிஸ்டர் அத்தை வீட்டுக்கு ஜனவரியில அஞ்சு பேர்

ஜெனி: அத்தே டிக்கெட் போட்டாச்சு!! நர்சிங் காலேஜ் பிரெண்ட்ஸ் நாலு பேரும் நானும். ஜனவரி 6 உகாண்டா என்டெபே ஏர்போர்ட்ல எறங்குறோம், மூணு வாரம் உங்க பிள்ளைங்க ஹோம்லதான். பிள்ளைங்களுக்கு பழைய டிரஸ் ரெண்டு பெட்டி சேத்து வச்சிருக்கோம் பொம்மையும் சாக்லேட்டும் வேற

அப்பா: தங்கச்சி, தடுப்பூசி என்னென்ன போடணும்னு சொல்லு

சிஸ்டர் அத்தை: அண்ணே மொதல்ல மஞ்சக்காமாலை இல்ல, மஞ்சள் காய்ச்சல் ஊசி. ரெண்டும் வேற வேற. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க. போட்டு 10 நாள் கழிச்சுதான் அதுக்கு குடுக்குற மஞ்சள் கார்டு செல்லும், உகாண்டா விசா அப்ளை பண்ணவே அந்த கார்ட கேப்பாங்க, திரும்ப நம்ம ஊர்ல எறங்கும்போதும் கேப்பாங்க, இல்லன்னா 6 நாள் தனியா வச்சிருவாங்க. அதனால இந்த வாரமே போங்க

சிஸ்டர் அத்தை: மலேரியா மாத்திரை டாக்டர்ட்ட கேட்டு இங்க வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். சில மாத்திரைய ஊருக்கு வந்த பிறகும் நாலு வாரம் விடாம போடணும், எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திருவாங்க அது தப்பு

அம்மா: சிஸ்டர் படுக்க இடமெல்லாம் இருக்கா? பாத்ரூம்?

சிஸ்டர் அத்தை: இருக்கு மைனி. பழைய தையல் ரூம காலி பண்ணி சுண்ணாம்பு அடிச்சு அஞ்சு கட்டில் போட்டாச்சு, கொசுவலை மாட்ட மேல கொக்கி அடிச்சிட்டு இருக்கோம். மழைத்தண்ணி டேங்க் கழுவியாச்சு. குளிக்க ஆளுக்கு ஒரு ஜெரிகேன் தண்ணி, அதாவது 20 லிட்டர், அதுக்குள்ள முடிக்கணும். கை கழுவ காலால மிதிச்சா தண்ணி ஊத்துற மாதிரி சின்ன கேன் கட்டி வச்சிருக்கோம், எங்க பெரிய பசங்களே குச்சியும் கயிறும் வச்சு செஞ்சது. பிளக் மட்டும் இங்க பட்டையா மூணு கால், நம்ம ஊர் சார்ஜர் சேராது, அடாப்டர் கொண்டு வாங்க

சிஸ்டர் அத்தை: ஏட்டி ஜெனி இன்னொண்ணு, துணிய வெளிய காயப்போட்டா கண்டிப்பா இஸ்திரி போட்டுதான் உடுத்தணும். ஈரத் துணியில ஒரு ஈ முட்டை வைக்கும், அது தோலுக்குள்ள போய் புழு ஆகும். கரி போடுற இஸ்திரிப் பெட்டி இங்க இருக்கு. விக்டோரியா ஏரியில காலே நனைக்கக் கூடாது, நத்தையில இருந்து வர்ற புழு தோல் வழியா ஏறிரும். வெறுங்காலோட மண்ணுல நடக்கவும் கூடாது

தாத்தா: 1972ல அங்க ஆண்ட இடி அமீன் நம்ம இந்தியாக்காரங்கள 90 நாள்ல தொரத்தின தேசம்லாமா அது. பிள்ளைய அனுப்பலாமா

சிஸ்டர் அத்தை: அப்பா அது பழைய கதை. பிறகு வந்த அரசாங்கம் திரும்பக் கூப்பிட்டு சொத்தையும் குடுத்துச்சு. இப்போ கம்பாலாவுல எத்தனையோ இந்தியர் கடை இருக்கு. இங்க மசாகாவுல நான் சந்தைக்கு போனா முயிண்டி சிஸ்டர்னு, அதாவது இந்திய சிஸ்டர்னு, பாசமா கூப்பிடுறாங்க. பயப்படாதீங்க

ஜெனி: அத்தே டிரஸ் பத்தி சொல்லவே இல்ல

சிஸ்டர் அத்தை: கொண்டு வராதம்மா. மிவும்பான்னு வெளிநாட்டு பழைய துணி இங்க சந்தை சந்தையா குவிஞ்சு கெடக்கு. சாக்லேட்டும் வேண்டாம். பெரிய பொண்ணுங்களுக்கு துவைச்சு திரும்ப வைக்கிற பேட் வேணும், அத மசாகா பக்கத்துலயே நம்ம பொம்பளைங்க தைக்கிறாங்க, இங்க வாங்குனா அவங்களுக்கும் வேலை

ஜெனி: சரிங்கத்த. அப்போ பிள்ளைங்களோட வெளையாடுறது, தூங்க வைக்கிறது, அதான் எங்க பிளானே

சிஸ்டர் அத்தை: அதத்தான் சொல்லணும்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டு இருந்தேன், கோவப்படாம கேளு. நீ வர்ற ஜனவரியில பள்ளிக்கூடம் லீவு, அப்போ இங்க இருக்க 38 பிள்ளைங்கள்ல 27 பேர் இருக்க மாட்டாங்க, அவங்கவங்க ஜாஜா வீட்டுக்கு போயிருப்பாங்க, ஜாஜான்னா தாத்தா பாட்டி. நான்தான் அந்த நேரமா பாத்து உங்கள வரச் சொன்னேன். எங்க பிள்ளைங்கள்ல முக்காவாசி பேருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருக்காங்க ஜெனி, எய்ட்ஸ் இந்தப் பக்கம் ஒரு தலைமுறையவே கொண்டு போயிருச்சு, 1982ல இந்த நாட்டுல மொத மொத கண்டுபிடிச்சதே இங்க பக்கத்து ராக்காய்லதான், அப்போ இருந்து பாட்டிங்கதான் வளக்குறாங்க, பீஸ் கட்ட முடியாமதான் இங்க விடுறாங்க. போன வருஷம் வந்த ஒரு குரூப் ரொம்ப நல்ல பிள்ளைங்க, குத்தமே சொல்ல முடியாது, ஆனா நாலு வயசுப் பையன் ஒருத்தன ஒரு பொண்ணு ரெண்டு வாரம் மடியிலயே வச்சிருந்தா, அவ போன பிறகு அவன் அவ குடுத்த பாசி வளையல மாட்டிக்கிட்டு 11 நாள் கேட்டுல நின்னான். சாப்பிட கூப்பிட்டாலும் வரல. எங்க மேட்ரன் தூக்கிட்டு வந்தா அவளையே அடிச்சான். என்னால அத இன்னொரு தடவ பாக்க முடியாது

ஜெனி: ...

ஜெனி: அத்தே எனக்கு அழுகையா வருது. அப்போ நாங்க வந்து என்னதான் செய்ய

சிஸ்டர் அத்தை: நெறைய இருக்கு. நீங்க நாலு வருஷம் படிச்ச பிள்ளைங்க. எங்க மேட்ரனும் மத்த அஞ்சு அம்மாமாரும் பிள்ளைங்க எடை உயரம் எழுதுற நோட்டு குப்பையா கெடக்கு, அவங்களோட ஒக்காந்து சரி பண்ணுங்க. காய்ச்சல் வந்தா எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும், ஓ.ஆர்.எஸ். எப்படி கலக்கணும்னு அவங்களுக்கு சொல்லிக் குடுங்க. பிள்ளைய தூக்குறது அவங்க, நீங்க அவங்களத் தாங்குங்க. வாரத்துல ரெண்டு நாள் என்னோட ஜாஜா வீடுகளுக்கு நடந்து வாங்க. மூஞ்சி தெரியிற மாதிரி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது, உங்க பிரெண்ட்ஸ்ட்ட இப்பவே சொல்லிரு

ஜெனி: சொல்றேன். ரெண்டு பேர் வருத்தப்படுவாங்க ஆனா சொல்றேன். பெட்டிக்கு வச்சிருந்த காச என்ன பண்ண?

சிஸ்டர் அத்தை: ஒரு ஜாஜா வீட்டுக் கூரை ஒழுகுது, அங்க மூணு பிள்ளைங்க. தகரம் வாங்குவோம். நீயே வந்து கடையில பேரம் பேசு

அம்மா: சாப்பாடு என்ன சிஸ்டர் அங்க

சிஸ்டர் அத்தை: பிள்ளைங்க சாப்பிடுறதுதான் மைனி இவங்களுக்கும். மத்தோக்கேன்னு வாழைக்காய வாழ இலையில பொதிஞ்சு அவிச்சு மசிச்சு வேர்க்கடலை குழம்பு ஊத்துவாங்க, ஜெனிக்கு பிடிக்கும். போஷோ நம்ம களி மாதிரி, கூட பீன்ஸ்

அம்மா: உனக்கு எதாவது குடுத்து விடட்டா

சிஸ்டர் அத்தை: வீட்டு மிளகாத்தூள் ஒரு அரைக்கிலோ மைனி. அம்மா அரைக்கிற பக்குவத்துல