பாரிமுனையில் அத்தோ சாப்பிடப் போகிறோம், என்ன வாங்கலாம்?

கேள்வி: சனிக்கிழமை அம்மாவோடு பாரிமுனை வருகிறேன். பீச் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் பர்மா கடைகளில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ் கலவை) சாப்பிட ரொம்ப நாள் ஆசை. எனக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது, அம்மா சைவம். எப்போது போகலாம்?

பதில் 1: சாயங்காலம் போங்கள், அப்போதுதான் சூடுபிடிக்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பான பண்டம்) எல்லாவற்றையும் உங்கள் கண்முன்னே கையாலேயே பிசைந்து தருவார்கள், மிளகாய்த்தூள் கடைசியில்தான் விழும், அதனால் முன்கூட்டியே "காரம் கம்மி" என்று சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு முட்டை, இறால் பொடி வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள். வாழைத்தண்டு சூப்பும் சைவம்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பதில் 2: முட்டை மசாலாவை விடாதீர்கள்! வெந்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம் திணித்து, புளித்தண்ணீர் ஊற்றித் தருவார்கள். ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டையெல்லாம் புளி.

பதில் 3: எங்கள் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1962-இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. பாட்டி வீட்டில் பிசையும்போது வறுத்த கடலைமாவு ஒரு கை போடுவார், அந்த வாசனை இந்தக் கடைகளில் இன்னும் இருக்கிறது. அப்புறம், அம்மாவுக்கு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், கூட்டத்துக்கு முன் ஆறு மணிக்கே போய்விடுங்கள்.