மறு: ரீஃபாக்டரிங்குக்கு ஒரு தமிழ்ச்சொல்

எல்லாருக்கும் வணக்கம்,

ரீஃபாக்டரிங்குக்கு, அதாவது புரோகிராமோட வெளி நடத்தைய மாத்தாம உள்ள இருக்கற கோட ஒழுங்கு பண்றதுக்கு, தமிழ்ல என்ன சொல்லலாம்ங்கற பேச்சுக்கு என் பதில்.

> மறுசீரமைப்புன்னு ஏற்கனவே புழக்கத்துல இருக்கே, அதையே வச்சுக்கலாமே?

புழக்கத்துல இருக்குங்கறது சரிதாங்க. ஆனா அந்தச் சொல்லக் கேட்டதும் பழசப் பிரிச்சுப் போட்டுட்டு புதுசா கட்டற பெரிய வேலைன்னுதான் மனசுல படுது. அப்படி ஒரு பேர் இருந்தா மேனேஜர் "இந்த ரிலீஸ் முடியட்டும், அப்புறம் தனியா ஒரு மாசம் ஒதுக்கிக்கலாம்"னு தள்ளிடுவார், அந்த மாசம் வரவே வராது. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்ங்கற அஜைல் முறைல (சின்னச் சின்னதா எழுதி அடிக்கடி திருத்திக்கற முறை) ரீஃபாக்டரிங் தனிக் கட்டமே கிடையாது, டெஸ்ட் எழுதி, கோட் எழுதி, கையோட ஒழுங்கு பண்ணிடறதுன்னு அன்றாட வேலையோட சேத்துட்டாங்க. கட்டம் கட்டமா வரிசையா முடிச்சுட்டுப் போற வாட்டர்ஃபால் முறைல டிசைன் முன்னாடியே முடிஞ்சிடும், பராமரிப்பு கடைசில வரும், அதனால பல வருஷம் கழிச்சு கோடத் தொடற ஆளு பெரும்பாலும் ஒட்டு மேல ஒட்டு போட்டுட்டுத்தான் இருக்கார். புழக்கத்துல இருக்கற சாஃப்ட்வேர் மாறிட்டே இருக்கும், குறைக்கன்னு வேலை பாக்கலன்னா அதோட சிக்கல் கூடிட்டே போகும்னு சாஃப்ட்வேர் எப்படி வளருதுன்னு ஆராய்ஞ்ச லேமன் 1974லயே சொல்லிட்டார். ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்டா (சில வாரத் தவணைகளா) ஓடிட்டு இத மட்டும் விட்டுட்டா அஜைலும் காப்பாத்தாது.

> அப்ப செப்பனிடல்?

செப்பனிடறது பழுதானத. அது பக் ஃபிக்ஸ்.

இங்க பழுதே இருக்கணும்னு இல்லயே. உதாரணமா, தள்ளுபடி கணக்கு பில் போடற ஃபைல்ல ஒண்ணு, ரிப்போர்ட்ல ஒண்ணு, ரிட்டர்ன்ல ஒண்ணுன்னு காப்பி பேஸ்ட்டா கிடக்கு, மூணும் சரியாத்தான் ஓடுது. அத ஒரே ஃபங்ஷனா வெளிய எடுத்து, 'டெம்ப்2'ன்னு இருந்த வேரியபிளுக்கு 'தள்ளுபடி_விகிதம்'னு பேர் வச்சு, டெஸ்ட்ட ஓட்டினா முன்ன வந்த அதே விடைதான் வரணும். 1992ல ரீஃபாக்டரிங் பத்தி ஆப்டைக்ங்கறவர் எழுதின ஆய்வேட்டுலயும் இதுதான் அடிப்படை, உள்ளதான் மாறணும், வெளி நடத்தை அப்படியே இருக்கணும். நாளைக்கு விகிதம் மாறினா ஒரே இடத்துல மாத்தினா போதும், ரிப்போர்ட்ட மறந்துட்டோமேன்னு அலைய வேண்டாம்.

அதனால என் பரிந்துரை: அகச்சீராக்கம். மாறறது அகம், மாறாதது புறம்னு சொல்லுலயே தெரியுது, சின்ன வேலைக்கும் பொருந்துது. வினையா அகச்சீராக்கு. கமிட் மெசேஜ்ல (கோட் மாத்தத்தச் சேமிக்கறப்ப எழுதற குறிப்பு) "தள்ளுபடி கணக்கு அகச்சீராக்கப்பட்டது"ன்னு எழுதிப் பாத்தேன், உறுத்தல.

மறுசீரமைப்ப ரீஆர்க்கிடெக்சருக்கு (மொத்தக் கட்டமைப்பையே மாத்தறதுக்கு) விட்டுடலாம்னு நினைக்கிறேன். இதவிடச் சுருக்கமா யாருக்காவது தோணுதா?